ஈ இல்லாத பெட்டி

ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பாலத்தின் மேல் ஏறி வெல்டிங் வைக்கும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறீர்களா? இதை அம்மா கேட்கச் சொல்லவில்லை. நான் பேனாவை எடுத்ததும் "கயிறு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

அந்த மலை மடிப்பில் போன் எடுக்காது என்று நீங்கள் சொன்னபோது எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். போனில் நீங்கள் "சாப்டியா?" என்பீர்கள், நான் "ம்" என்பேன், பேச்சு முடிந்துவிடும். கடிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம்.

நீங்கள் கிளம்பும்போது பின்னறையில் மூன்று பெட்டிச் சுவர்க்கோழிப் பூச்சிகள் இருந்தன. இப்போது ஏழு பெட்டி! ஒவ்வொன்றிலும் முட்டை அட்டைகளை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆண் பூச்சிகள் எல்லாம் சேர்ந்து பாட ஆரம்பித்தால் பக்கத்து அறையில் ரேடியோ கேட்காது. முட்டையிட ஈரத் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தட்டுகளை அம்மா வாரந்தோறும் மாற்றுகிறாள். பிராணிக் காட்சிசாலையிலிருந்து பூச்சி வாங்க வருகிற பல்லிக்காரர் போன வாரம் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா, உங்க பூச்சியைத் தின்ன ஆரம்பிச்சதும் எங்க பச்சோந்தி முகமே மாறிடுச்சு. முன்னெல்லாம் ஒரு கண்ணாலதான் என்னைப் பார்க்கும். இப்ப ரெண்டு கண்ணாலயும் பார்க்குது!" அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதுக்குப் பசி தீர்ந்திருக்கும்" என்றாள். ஆனால் அன்று முழுக்க அவள் நடையே வேறு மாதிரி இருந்தது.

கொஞ்சம் ஈ இருக்கிறது. சின்ன ஈ. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
மகள்


ஜூலை 19

அன்பு மகள் வாத்தியாரம்மாவுக்கு,

நலம். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கயிறு கட்டுகிறேன்.

உன் கடிதம் மூன்று பக்கம். பச்சோந்திக்கு அரைப் பக்கம், ஈக்கு ஒரு வரி. உன்னை எனக்குத் தெரியாதா? எத்தனை ஈ?

மாடியிலிருந்து வீட்டுக்கார சிஸ்டரம்மாவும் எனக்கு எழுதியிருக்கிறார். "முப்பது வருஷம் தலைமை நர்ஸாக இருந்த வார்டில் ஒரு ஈ பறக்க விட்டதில்லை நான். இப்போது என் டம்ளருக்கு மூடி போட்டுக் குடிக்கிறேன். செப்டம்பர் கடைசிக்குள் ஈ போக வேண்டும். இல்லையென்றால் பூச்சிப் பெட்டிகள் போக வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். அவர் கேட்பது நியாயம்தானே. அவருக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை.

அம்மாவிடம் சொல், இந்தப் பூச்சி விளையாட்டு போதும். ஒரு டப்பா மருந்து வாங்கி அடித்தால் ஈ தீர்ந்தது. முடியாவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிடட்டும். ஆகஸ்டில் நான் லீவில் வரும்போது அறை காலியாக இருந்தால் நல்லது. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

நேரத்துக்குத் தூங்கு.

அப்பா


ஜூலை 30

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். அங்கே மழை என்று செய்தியில் பார்த்தேன். நனைந்த துணியோடு படுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கீழ்ப்பாதி வந்ததும் எழுந்து பெட்டிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். அப்போதுதான் வைத்து முடித்திருந்தாள்.

மருந்து அடிக்க முடியாது, அப்பா. ஈயும் பூச்சி, சுவர்க்கோழியும் பூச்சி. ஈயைக் கொல்கிற மருந்து சுவர்க்கோழியை மட்டும் விசாரித்து விட்டுவிடாது. செத்தது போக மிச்சத்தைப் பச்சோந்தி தின்றால் அதன் கதி என்ன? கொசுவர்த்திகூட ஏற்றக் கூடாது.

எத்தனை ஈ என்று கேட்டீர்கள். எண்ண முடியாது. எள்ளைவிடச் சின்னது, முதுகில் லேசான கூன். பறப்பதைவிட ஓடுவதுதான் அதிகம். சுவரில் விறுவிறுவென்று ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி. செத்த பூச்சியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் முட்டையிடும் என்று நூலகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதனால் காலையும் மாலையும் செத்த பூச்சிகளை இடுக்கியால் பொறுக்குகிறோம். தண்ணீர் வைத்த ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுத் திரி போட்ட குப்பி வைத்துவிட்டோம். பெட்டிகள் உலர்ந்துவிட்டன. ஆனாலும் ஈ வருகிறது.

ஒரு காரியம் நானாகச் செய்தேன். கிண்ணங்களில் வினிகர் ஊற்றி, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, பின்னறையில் வரிசையாக வைத்தேன். ஜன்னல் திறந்திருந்தது. வாசனைக்குத் தெருவிலிருந்த பழ ஈக்கள் எல்லாம் வந்துவிட்டன. இப்போது எங்களிடம் இரண்டு வகை ஈ. அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "ஏண்டி, வீடு வீடாப் போய் அழைப்பிதழ் குடுத்துட்டு வந்தியா?" என்றாள். கிண்ணங்களை இப்போது முற்றத்தின் கோடியில் வைத்திருக்கிறோம்.

வியாபாரம் இல்லாவிட்டால் ஈ ஓட்டுகிறார்கள் என்பார்கள். வியாபாரம் நன்றாக நடந்தும் ஈ ஓட்டுவது நாங்கள்தான்.

அம்மா தனியாக எதுவும் எழுதச் சொல்லவில்லை. கை ஈரமாம்.

மகள்


ஆகஸ்ட் 14

வாத்தியாரம்மாவுக்கு,

நலம். உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் படித்தேன். அழைப்பிதழ் இடம் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்னவென்று கிரேன்காரர் கேட்க, படித்துக் காட்டும்படி ஆயிற்று. இப்போது தினமும் ஒருவர், "ஈ போச்சா?" என்று கேட்கிறார்.

இந்த மாதம் லீவு இல்லை. தூண் வேலை பின்தங்கிவிட்டது. அக்டோபரில் பார்க்கலாம் என்கிறார்கள்.

செப்டம்பருக்கு அதிக நாள் இல்லை. சிஸ்டரம்மாவின் மனம் நோகாமல் முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இப்போதும் என் எண்ணம்.

அம்மா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? ஒன்றரை மாதமாகவா கை ஈரம்?

அப்பா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

ஈ எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன்! வீட்டிலிருந்த கண்ணாடி டம்ளர்களை எல்லாம் எடுத்து, சந்தேகப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் கவிழ்த்து வைத்தேன். குளியலறை ஜலதாரையில் ஒன்று, குப்பைக்கூடை அடியில் ஒன்று, முட்டைத் தட்டில் ஒன்று. ஈ அங்கே பிறந்தால் டம்ளருக்குள் மாட்டிக்கொள்ளுமல்லவா? மறுநாளிலிருந்து போய்ப் போய்ப் பார்த்தேன். முட்டைத் தட்டு டம்ளரில் நாலைந்து இருந்தன. ஜலதாரையில் ஒன்றுமில்லை. ஒரு டம்ளர் மிச்சமிருந்தது. அதை விளையாட்டாக மாடிப்படியில் சிஸ்டரம்மாவின் பூந்தொட்டி ஒன்றில் கவிழ்த்திருந்தேன். அது உள்ளே கறுத்துப்போயிருந்தது, அப்பா. அத்தனை ஈ.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது நான் குடுத்த மண்ணுடி."

வாரந்தோறும் மாற்றுகிற பழைய நார்த்தூளை அம்மா வீணாக்கவில்லை. நல்ல உரம் என்று சிஸ்டரம்மாவின் தொட்டிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் ஈயின் முட்டையும் புழுவும் இருந்திருக்கின்றன. சிஸ்டரம்மா காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி அவற்றை வளர்த்திருக்கிறார். அங்கே பிறந்தவை கீழே வந்து எங்கள் தட்டில் முட்டையிட்டன. அந்தத் தட்டு மறுபடி மேலே போனது. நாங்கள் எவ்வளவு சுத்தம் செய்தும் ஏன் தீரவில்லை என்று புரிகிறதா?

நான் சொன்னேன், "அம்மா, ராத்திரியோட ராத்திரியா மண்ணை மாத்திடலாம். அவங்களுக்குத் தெரியவே வேணாம்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். முகம் கழுவி, தலை வாரி, நல்ல புடவை கட்டி, டம்ளரைத் தட்டால் மூடி எடுத்துக்கொண்டு நேரே மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சிஸ்டரம்மா, ஈ என்னோடதுதான். நான் குடுத்த மண்ணுலதான் வந்திருக்கு. உங்க தொட்டியில பிறக்குது. தப்பு என் பேர்ல."

சிஸ்டரம்மா கண்ணாடியைப் போட்டு டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான்தான் ரெண்டு வேளையும் ஊட்டி வளர்த்திருக்கேன்னு சொல்றியா?"

"நீங்க தண்ணி ஊத்தினீங்க. ஊட்டினது நான்."

"செப்டம்பர் கடைசின்னு சொன்னேன். அதுல மாத்தமில்ல" என்றார் சிஸ்டரம்மா. கதவு வரை வந்து, "அந்த டம்ளரை வெந்நியில போட்டுக் கழுவு" என்றும் சொன்னார்.

மறுநாள் காலை எட்டிப் பார்த்தால் பதினோரு தொட்டிகளையும் தானே மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்து, மண்ணைக் காய வைத்துக்கொண்டிருக்கிறார். உதவிக்குப் போன என்னை, "கையைக் கழுவினியா?" என்று கேட்டுத் துரத்திவிட்டார்.

அம்மாவை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை.

மகள்


செப்டம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்களிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. மண்சரிவு என்று செய்தியில் சொன்னார்கள். உங்கள் முகாம் பெயர் அதில் இல்லை. அம்மா அந்தச் செய்தியை மூன்று முறை பார்த்தாள்.

மேலே ஈ குறைந்துவிட்டது. ஆனால் கீழே பெட்டிகளில் இன்னும் இருக்கிறது. வளர்ந்த பூச்சிகளோடு புழுவும் கலந்துவிட்டதால் பிரித்தெடுக்க வழியில்லை. புத்தகத்தில் ஒரே ஒரு வழிதான் சொல்லியிருக்கிறது. சுத்தமான முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விட்டுவிட வேண்டும். நான் அதை வாசிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஏழு பெட்டி, அப்பா.

பல்லிக்காரருக்கு அழாத குறை. "அம்மா, நாலு ஈ இருந்தா என்ன? பச்சோந்தி அதையும் சேர்த்துத் தின்னுட்டுப் போகுது. குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"அங்க இருக்கிற மத்தக் கூண்டுக்கும் பரவும். ஈயோட என் பெட்டி வெளிய போகாது."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

அவர் என்னைப் பார்த்து, "உங்கம்மா எப்பவும் இப்படித்தானா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப காத்திருக்கேன். வேற எங்க போறது?" என்று கிளம்பிவிட்டார்.

புத்தகம் முட்டையைப் பிரி என்கிறதே தவிர, எப்படிப் பிரிப்பது என்று சொல்லவில்லை. அம்மா மெல்லிய மணலை வாணலியில் வறுத்து, ஆறவைத்து, ஈரமாக்கி, நார்த்தூளுக்குப் பதிலாகப் பெட்டிகளில் வைத்தாள். ஒரு ராத்திரிதான். விடிந்ததும் எடுத்துவிட்டோம். பிறகு அந்த மணலை அகலப் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி, அரிசியில் கல் அரிக்கிறாற்போல் ஆட்டி ஆட்டி ஊற்றினாள். அடடா! மணல் அடியில் நின்றது. முட்டைகள் தண்ணீரோடு எழும்பி அடுத்த பாத்திரத்தில் கட்டியிருந்த வலைத்துணியில் வந்து விழுந்தன. ஈ முட்டை இருந்தாலும் பொடி. துணிவழியே இறங்கிப் போய்விடும். திரும்பத் திரும்ப அலசினோம். கடைசியில் துணியில் நின்றது ஒரு சின்னக் கரண்டி அளவு. நீளமாக, வெளுப்பாக, பளபளவென்று.

லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஈரப் பஞ்சின் மேல் பரப்பி, ஜாடியின் வாயில் துணி கட்டி வைத்திருக்கிறோம்.

பெரிய பூச்சிகளை இரண்டு இரண்டு பெட்டியாக உறைபெட்டியில் வைத்தோம். குளிரில் அவை தூங்குவது மாதிரி அடங்கிவிடும் என்று அம்மா சொன்னாள். ஈயும் புழுவும் அதிலேயே செத்துவிடும் என்பதால், உறைந்த பூச்சிகளைப் பறவைக் கூண்டுகளுக்கு என்று பல்லிக்காரர் வாங்கிக்கொண்டார். அறையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். கடைசிப் பெட்டியும் போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா பின்னறை வாசலில் துடைப்பத்தோடு நின்றுகொண்டே இருந்தாள்.

இப்போது எங்களிடம் இருப்பது ஒரு கரண்டி முட்டை.

சீக்கிரம் எழுதுங்கள்.

மகள்


செப்டம்பர் 21

வாத்தியாரம்மா,

பயப்படாதே, சுகமாக இருக்கிறேன். பாதை அடைபட்டுத் தபால் வண்டி வரவில்லை, அவ்வளவுதான். உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. இந்தத் தடவை பதில் உனக்கு இல்லை. கீழே உள்ளதை அம்மாவிடம் கொடு. நீ வாசித்துக் காட்ட வேண்டாம். அவளே படிக்கட்டும்.

உனக்கு,

நலமாக இருக்கிறாயா? சரியாகத் தூங்குகிறாயா?

வெல்டிங்கில் உள்ளே ஒரு குமிழி விழுந்தாலும் அந்த நீளத்தையே வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வைப்போம். மேலே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். இன்ஸ்பெக்டருக்குக்கூடத் தெரியாது, வைத்தவனுக்குத் தெரியும். நல்ல வெல்டர் அவனே போய்ச் சொல்லிவிடுவான். இருபது வருஷத்தில் அப்படிச் சொன்னவர்களை நான் ஒரு கை விரலில் எண்ணிவிடுவேன்.

நீ ஏழு பெட்டியையும் காலி செய்ததைப் படித்தேன். டம்ளரோடு மாடிக்குப் போனதையும் படித்தேன். கூடத்தில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் கிரேன்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் படித்து முடித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரம்மா என்ன செய்றாங்கன்னு கேட்டா வீட்ல இருக்காங்கன்னுதானே சொன்னீங்க?" என்றார். "பூச்சிப் பண்ணை வெச்சிருக்கா" என்றேன்.

சிஸ்டரம்மாவுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதப்போவதுமில்லை. பண்ணை உன்னுடையது. வைப்பதும் எடுப்பதும் நீயும் அவரும் பேச வேண்டியது. மூடு என்று நான் எழுதியதை அடித்துவிடு.

முட்டை பொரித்ததா?


அக்டோபர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்! நலம்! உங்கள் கடிதத்தை அம்மா படித்தாள். எனக்குக் காட்டவில்லை. மடித்து எங்கோ வைத்துவிட்டாள். நான் தேடவில்லை (கொஞ்சம் தேடினேன்).

முட்டை பொரித்தது. ஒரு காலை ஜாடியைத் திறக்கப் போனால் பஞ்சின் மேல் முழுக்கக் காற்புள்ளிகள். யாரோ ஒரு பெரிய புத்தகத்திலிருந்து காற்புள்ளிகளை மட்டும் உதறிவிட்டது போல. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் மீசை இருக்கிறது, குதிக்கிறது. "அம்மா!" என்று நான் கத்திய கத்தலில் மாடியில் நாற்காலி நகர்ந்தது.

நேற்றுத்தான் செப்டம்பர் கடைசி. சிஸ்டரம்மா சொன்னபடி வந்தார். வெள்ளைக் கைக்குட்டை ஒன்றும் என்னுடைய லென்ஸும் வேண்டும் என்றார். பின்னறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டார்.

"ஈ இருந்தா வந்து உக்காரும். எனக்கு அவசரமில்ல."

அம்மா சுவரோரம் நின்றாள். கை இரண்டையும் முந்தானையில் சுருட்டியிருந்தாள். வெகுநேரம் கழித்துக் கைக்குட்டையில் கறுப்பாக ஒரு பொட்டு வந்து விழுந்தது. என் உயிரே போய்விட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சிஸ்டரம்மா லென்ஸைக் கிட்டே கொண்டுபோனார். அந்தப் பொட்டு குதித்தது.

"ஈ இல்ல" என்றார். "குழந்தை ஒண்ணு வெளிய வந்திருக்கு. எந்தத் தாய்க்காரியும் கவனிக்கல போலிருக்கு. வார்டா இது?"

அதைக் கைக்குட்டையோடு தூக்கி ஜாடிக்குள் அவரே விட்டார். துணியைக் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்து முகம் சுளித்து, அவிழ்த்து, ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரி இறுக்கிக் கட்டினார். பிறகு அறையைச் சுற்றி ஒரு நடை நடந்து அம்மாவுக்கு எதிரில் வந்து நின்றார்.

"என் வார்டுல நர்ஸுங்க தப்பு பண்ணினா மறைச்சு வெப்பாங்க. நானா கண்டுபிடிச்சாதான் உண்டு. தானா வந்து சொன்னவ ஒருத்தி இருந்தா. அவளைத்தான் எனக்கப்புறம் தலைமை நர்ஸ் ஆக்கச் சொன்னேன்." கைக்குட்டையை மடித்துக்கொண்டார். "பெட்டி இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துப் பல்லிக்காரர் உள்ளே நுழைந்தார். சிஸ்டரம்மா போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். "செருப்பை வெளிய கழட்டுங்க! கையைக் கழுவுங்க! குழந்தைங்க இருக்கிற இடம்!"

அம்மா சிரித்தாள், அப்பா. ஜூலைக்குப் பிறகு நான் கேட்கிற முதல் சிரிப்பு. அவள் சிரிக்காமல் இருந்ததை இதுவரை உங்களுக்கு எழுதவில்லை.

மகள்


அக்டோபர் 9

உங்களுக்கு,

நாங்கள் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

பொரித்ததா என்று கேட்டிருந்தீர்கள். பொரித்து, இரண்டு பெட்டி நிறைந்துவிட்டது. தோலுரித்து அரிசி அளவுக்கு வந்துவிட்டன. பல்லிக்காரருக்கு நவம்பரில் முதல் பெட்டி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் கேட்டால் கொடுக்க மாட்டேன். பழைய நார்த்தூளை இனி கொதிநீர் ஊற்றாமல் யாருக்கும் தருவதில்லை. சிஸ்டரம்மா கேட்டால்கூட இல்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த முட்டைக்குச் சீரான சூடு வேண்டும். வீடு முழுக்கத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். சமையலறைச் சுவரை ஒட்டியிருக்கும் உங்கள் துணி அலமாரியில் நடுத்தட்டுதான் மிகப் பொருத்தம். ஜாடிகளை அங்கே வைத்துவிட்டேன். உங்கள் சட்டைகளை மடித்துக் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் போட்டிருக்கிறேன். இரண்டு சட்டைக்குப் பொத்தான் இல்லை, தைத்துவிட்டேன்.

இந்த மாதம் லீவு உறுதியானால் முன்கூட்டி எழுதுங்கள். வந்ததும் பழக்கத்தில் அலமாரியைத் திறந்துவிடாதீர்கள், குளிர்காற்று படக்கூடாது. கையைக் கழுவிவிட்டு என்னைக் கேளுங்கள். நானே திறந்து காட்டுகிறேன்.

நான்